பூதம் இன்று என்ன தின்றது?

அன்புள்ள ஐயா,

பிச்சாவரம் சதுப்பில் வாழும் பூதத்துக்கும், முடசலோடை மீன்துறையில் மீன் ஆயும் பெண்ணுக்கும் காதல். ஐப்பசியில் தொடங்கி மாசியில் முடிகிற நாவல், 35 அத்தியாயங்கள். பிரதியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கடைசியில் பூதம் அழகான ஆணாகிவிடும். முதல் முத்தத்தை எங்கே வைக்கலாம்? நம் வாசகர்கள் இதை ஏற்பார்களா?

எஸ்., கடலூர் முதுநகர்

அன்புள்ள எஸ்,

ஏற்பார்கள். பீமனுக்கு இடும்பியைக் கட்டிவைத்த கதையைக் கூத்தில் விடிய விடியப் பார்த்த சனம் இது.

முத்தம் இருக்கட்டும். உங்கள் பூதம் இன்று என்ன தின்றது?

எட்டடி உயரம், 300 கிலோ எடை, மனிதக் கறி தின்னும் என்று முதல் அத்தியாயத்தில் மிரட்டிவிட்டு அப்படியே மறந்துவிட்டீர்கள். காட்டுப் புலி ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு பெரிய இரை அடிக்கும். அந்தக் கணக்கில் உங்கள் ஐந்து மாதத்தில் 20 பிணமாவது விழுந்திருக்க வேண்டும். பக்கத்துக் கிள்ளை ஊரில் ஓர் ஆட்டுக்குட்டிகூடக் காணாமல் போகவில்லையே! பசிக்காத பூதம், தாடி வைத்த மாப்பிள்ளைதான். அவனைக் காதலிக்க அவளுக்கு என்ன தைரியம் வேண்டும்?

எழுதத் தொடங்குமுன் அதன் ரத்தம் சூடா, குளிரா என்று முடிவு செய்திருக்க வேண்டும். சூடு என்றால் வாராவாரம் இரை. அவள் தெருவில் யார் வீட்டில் ஒப்பாரி என்பது வரை நீங்கள் எழுதியாக வேண்டும். குளிர் என்றால் பழைய கொள்ளிடத்து முதலையின் கணக்கு. மாதக்கணக்கில் தின்னாமல் கிடக்கும், ஆனால் வெயில் காய்ந்தால்தான் உடம்பு இளகும். மார்கழி விடியலில் அதன் தோல் அவளுக்கு ஈரக்கல், அவள் உள்ளங்கை அதற்குத் தணல். அப்படியானால் 17ஆம் அத்தியாயத்தில் அந்தக் குளிரில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அது ஓடமுடியாது. அவள்தான் இழுக்கவேண்டும். 300 கிலோவைச் சேற்றில் எவளும் இழுக்கமாட்டாள். ஓடையில் கடல்நீர் ஏறும் ஏற்றம் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்து, தண்ணீர் தூக்கிக்கொடுத்ததும் தள்ளிக்கொண்டு போவாள். அந்தக் காத்திருப்பில் ஒரு முழு அத்தியாயம் இருக்கிறது, ஐயா! நீங்களோ ஓடவிட்டுக் கெடுத்தீர்கள்.

ஏற்றம் என்றதும் நினைவு வருகிறது: அது நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று விடிகாலை 4 மணிக்கு என்றால் நாளை 5 மணியை நெருங்கிவிடும். உங்கள் ஓடையில் மூன்று நாளும் டாணென்று நாலு மணிக்கே நீர் ஏறுகிறது. முடசலோடையில் படகு கட்டுகிறவர் படித்தால் புத்தகத்தை மூடிவிடுவார்.

20ஆம் அத்தியாயத்தில் பூதம் தில்லை மரக் கொப்பை ஒடித்து அவள் தலையில் சூட்டுகிறது. ஒடித்த இடத்தில் வடியும் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வை மறையும். தெரியாமல்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் தெய்வம் கொடுத்த பிழை. திருத்தாதீர்கள், நடக்கவிடுங்கள். சில நாள் அவள் அதைச் சேற்று வாடையாலும் மூச்சுச் சத்தத்தாலும் மட்டும் அறியட்டும். முத்தத்தை மட்டும் அங்கே வைக்கவேண்டாம். காதலுக்குக் கண்ணில்லை என்று யாராவது எனக்குக் கடிதம் போடுவார்கள். கண் தெளிந்து, பல்லையும் செதிலையும் பார்த்த பிறகு வையுங்கள்.

அழகான ஆணை வெட்டிவிடுங்கள். இடும்பியும் பீமனுக்காக அழகியாகத்தான் வந்தாள். அத்தனை பழைய குறுக்குவழி அது. உங்களுக்குத் தெற்கே காரைக்காலில், ஆனி மாதம் மாடியிலிருந்து மாம்பழம் வீசி ஒருத்தியைக் கொண்டாடுகிறார்கள். அழகை உதறிப் பேயுருவைக் கேட்டு வாங்கியவள். அவள் கணவன் பயந்து ஓடியது அவள் பேயான பின்பா? இல்லை. வெறுங்கையில் மாங்கனி வந்ததே, அதைக் கண்டு. அப்போது அவள் அழகாகத்தான் இருந்தாள்.

மூன்றாம் அத்தியாயத்தில், மீன்செதில் ஒட்டிய அவள் விரலை முகர்ந்துவிட்டுப் பூதம் விலகுகிறதே, அதில் ஒரு சொல்லையும் தொடாதீர்கள். அதற்கு எத்தனை நாள் முன்னால் அது தின்றது என்று மட்டும் ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள்.