ருமைதாவில் பெயர்த்த தண்டவாளம்

அன்புள்ள ஐயா,

1920 ஈராக் எழுச்சி ஒரு ஷேக்கை (குடித்தலைவரை) 800 ரூபாய் கடனுக்காகக் கைது செய்ததில் தொடங்கியது என்று படித்தேன். அவ்வளவுதானா? துப்பாக்கி மட்டும் வைத்திருந்த பழங்குடிகள் பிரிட்டிஷ் படையை எப்படித் திணறடித்தார்கள்?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

கைது உண்மைதான். ஜூன் 30 அன்று, யூப்ரடீஸ் கரையில் உள்ள ருமைதாவில், தவாலிம் குடியின் ஷேக் ஷாலான் அபுல் ஜவ்னை விவசாயக் கடன் பாக்கிக்காகப் பிடித்து வைத்தார்கள். (ரூபாய்தான். அன்று அங்கே புழங்கியது இந்திய நாணயம்.) பத்து லிரா அனுப்பும்படி அவர் சொல்லிவிட்டார், குறிப்பறிந்து பத்து ஆட்கள் வந்து மீட்டார்கள் என்பது ஈராக்கியர் சொல்லும் கதை.

கோபம் அதற்கு முன்பே முற்றியிருந்தது. ஏப்ரலில், முதல் உலகப் போரில் வென்ற நாடுகள் கூடிய சான் ரெமோ மாநாடு ஈராக்கை பிரிட்டனிடம் ஒப்படைத்தது. ரமலான் மாதத்தில் பாக்தாத் பள்ளிவாசல்களில் சுன்னிகளும் ஷியாக்களும் ஒன்றாகக் கூடினார்கள். கர்பலாவில் ஷியா மதத்தலைவர் மிர்ஸா முகம்மது தகி ஷிராஸியின் ஃபத்வா (மதத் தீர்ப்பு) பிரிட்டிஷாருக்கு எதிராக வந்தது. ஜூனில் அவர் மகனையே கைது செய்தார்கள். போதாததற்கு வரிவசூல், துருக்கியர் காலத்தைவிடக் கறாராக.

ஷேக்கை மீட்டதோடு நின்றிருந்தால் அது வெறும் சிறை உடைப்பு. அவர்கள் அடுத்துக் கை வைத்தது தண்டவாளத்தில். பாஸ்ராவிலிருந்து யூப்ரடீஸ் பக்கமாக பாக்தாத் செல்லும் மீட்டர் கேஜ் பாதை அந்த ஆண்டுதான் முழுமை பெற்றிருந்தது. பிரிட்டிஷ் காவல்படைகளுக்கு உணவும் தோட்டாவும் அதன் வழியேதான் வந்தன. பாதையைப் பெயர்த்தால் மீட்க வரும் ரயில், பழுது பார்க்கும் வேகத்துக்கு மேல் நகராது. ருமைதாவில் இருந்த பிரிட்டிஷ் காவல்படையைக் கிளர்ச்சியாளர் சூழ்ந்த முற்றுகை ஜூலை 20 வரை நீடித்தது. பிறகு திவானியா நகரைக் கைவிட்டு ரயிலோடு பின்வாங்கிய படை, சுமார் 80 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹில்லாவை அடைய ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 9 வரை ஆனது.

ரயில் இல்லாவிட்டால் ஜூலை வெயிலில் நடை. ஹில்லாவிலிருந்து கிஃப்ல் என்ற ஊரை நோக்கிப் போன, மான்செஸ்டர் ரெஜிமென்ட் வீரர்கள் கொண்ட பிரிட்டிஷ் அணி அப்படித்தான் சிக்கியது. தண்ணீருக்காக வெயிலிலேயே நடத்தி, ஆட்கள் சுருண்டு கிடந்தபோது ஜூலை 24 மாலை தாக்குதல் வந்தது. இருட்டில் பின்வாங்கும்போது வண்டி இழுத்த விலங்குகள் மிரண்டு ஓடி வரிசை கலைந்தது. சுமார் 180 பேர் இறந்தார்கள், 160 பேர் சிறைப்பட்டார்கள். அங்கே பிடிபட்ட 18 பவுண்டர் பீரங்கியால்தான் கூஃபாவில் ஃபயர்ஃப்ளை என்ற பிரிட்டிஷ் போர்ப்படகைக் கொளுத்தினார்கள். தோல்வியைத் தந்தது வீரக்குறைவல்ல, தண்ணீர்க் கணக்கு என்பேன்.

அதே கணக்கு பிறகு கிளர்ச்சியாளர்மீது திரும்பியது. ஆகஸ்டில் பிரிட்டிஷ் படைத்தலைவர் ஜெனரல் ஹால்டேன் யூப்ரடீஸ் மீதுள்ள ஹிந்தியா அணையைப் பிடித்தார். கர்பலாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஹுசைனியா கால்வாயின் தலைமதகு அங்கேதான். டைக்ரிஸ் கரையின் பெரிய ஷேக்குகள் நிலவுரிமைக்காக பிரிட்டிஷ் பக்கமே நின்றதால் ஆற்றுப்பாதை கடைசிவரை திறந்திருந்தது. இந்தியாவிலிருந்து துணைப்படை தடையின்றி வந்தது. இது எனக்கு ஃபத்வாக்களைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. கிளர்ச்சியாளரிடமோ ஒரே தலைமை இல்லை, தீர்ந்த தோட்டாவுக்கு மாற்றும் இல்லை. ஷிராஸி ஆகஸ்டிலேயே காலமானார். அக்டோபர் 17ல், கூஃபாவில் பிரிட்டிஷ் காவல்படையைச் சூழ்ந்திருந்த முற்றுகை உடைந்தது. தண்டமாகப் பணத்தோடு துப்பாக்கிகளையும் பிரிட்டிஷார் கேட்டார்கள்; 60,000க்கு மேல் ஒப்படைக்கப்பட்டன.

அடக்கியவர்கள் யார் என்றும் சொல்லவேண்டும். ஜூலையில் அங்கிருந்த சுமார் 60,000 படையினரில் 50,000க்கு மேல் இந்தியர்கள். செலவு சுமார் 4 கோடி பவுண்டு. அந்தத் தொகையைப் பார்த்த லண்டன், 1921 மார்ச்சில் கெய்ரோவில் கூடி, மெக்கா ஷரீஃபின் மகன் ஃபைசலை ஈராக்கின் அரசராக்கவும், தரைப்படையைக் குறைத்துக் காவலை விமானப்படையிடம் விடவும் முடிவெடுத்தது.