தோகைக்கு என்ன செலவு?

கேள்வி: அவ்வளவு நீளத் தோகையை வைத்துக்கொண்டு, நாய் துரத்தினால் மயில் எப்படித் தப்பிக்கிறது?
– வாசகர், விராலிமலை

பதில்: முதலில், தோகை மயிலின் வாலே அல்ல. வாலுக்கு மேலே முளைக்கும் மூடு இறகுகள்தாம் ஒன்றரை மீட்டர் வரை நீள்கின்றன. ஆடும் மயிலின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். குட்டையான வால் விறைத்து நின்று தோகைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கும்.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரஹாம் ஆஸ்க்யூ என்பவர் 5 மயில்கள் எழும்புவதை அதிவேகக் கேமராவில் பிடித்தார். தோகையைக் கத்தரித்துவிட்டு மறுபடி பிடித்தார். 2014இல் வெளியான முடிவு: சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! தரையை விட்டுக் கிளம்பும்போது வேகம் குறைவு. அதனால் தோகையைப் பின்னிழுக்கும் காற்றும் சொற்பம். சக்தியில் பெரும்பகுதி உடம்பைத் தூக்கவே போகிறது.

அதற்காகத் தோகை இலவசம் என்று எண்ண வேண்டாம். இணைசேரும் பருவம் முடிந்ததும் மொத்தமும் உதிர்ந்துவிடும். இறகு முழுக்கப் புரதம். அத்தனையையும் வருடாவருடம் தின்ற தீனியிலிருந்து புதிதாக வளர்த்தாக வேண்டும். செலவு பறப்பதில் இல்லை, வளர்ப்பதில் இருக்கிறது.

கேள்வி: இரவெல்லாம் கத்தும் சுவர்க்கோழி எதிரியிடம் மாட்டாதா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: மாட்டும், அதுவும் கொடூரமாக. இந்தப் பூச்சியில் கத்துவது ஆண்தான், பெண்ணை அழைக்க. அதன் ஒரு முன்சிறகில் ரம்பம்போல் பல்வரிசை இருக்கும். மறு சிறகின் விளிம்பு அதில் உரசினால் சத்தம். ஹவாய்த் தீவுகளில் இந்தச் சத்தத்தைக் கேட்டே தேடி வரும் ஈ ஒன்று, சுவர்க்கோழியின் மேலும் பக்கத்திலும் உயிருள்ள புழுக்களைப் போட்டுவிட்டுப் போகும். புழு உடம்பைத் துளைத்து நுழைந்து, தின்று கொழுத்து, ஒரு வாரம்போல் கழித்து வெளியே வரும். சுவர்க்கோழி செத்துவிடும்.

அங்கே கவாய்த் தீவில் ஒரு மரபணு மாற்றத்தால் சத்தமெழுப்பும் அமைப்பு இல்லாத சிறகோடு ஆண்கள் பிறந்தன. 20 தலைமுறைக்குள் பத்தில் ஒன்பது ஆண்கள் ஊமை என்று மார்லீன் சுக் என்ற ஆய்வாளரின் குழு 2006இல் எழுதியது. ஈயிடம் தப்பியாயிற்று, பெண் எப்படி வரும்? மிச்சமிருக்கும் பாடகனின் அருகே போய் உட்கார்ந்துகொண்டு, அதைத் தேடி வரும் பெண்ணை நடுவழியில் மறித்துக்கொள்கின்றன. கில்லாடிகள்தாம்.

கேள்வி: மதம் பிடித்த யானை ஏன் மெலிகிறது?
– வாசகர், கூடலூர்

பதில்: மேய்ச்சல் குறைகிறது, பெண்யானையைத் தேடும் நடை கூடுகிறது, சேர்த்துவைத்த கொழுப்பு கரைகிறது. நல்ல உடம்புள்ள முதிர்ந்த ஆணுக்கு மதம் இரண்டு மூன்று மாதம்கூட நீளும். இளசுக்குச் சில நாளில் அடங்கிவிடும். தன்னைவிடப் பெரிய மதயானை எதிரே வந்தால் மதநீர் நின்றேபோவதும் உண்டு.