வாசகர் கேள்வி: பிங் போகுது, ஃபைல் போகலை

கேள்வி: கோவையில் ஆபீஸ், கரூரில் பெட்ஷீட் குடோன். நடுவில் எம்.பி.எல்.எஸ். (பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்டி அனுப்பும் முறை) லைன். எங்களுக்கும் பக்கத்து கம்பெனிக்கும் ஒரே 192.168.1 ஐ.பி. முகவரி வரிசை, ஒரே சர்வீஸ் புரொவைடர். வழியில் கலந்துவிடாதுங்களா?
– வாசகர், பீளமேடு

பதில்: கலக்காதுங்க. நடு ரவுட்டர்கள் உங்கள் ஐ.பி. முகவரியைப் பார்ப்பதே இல்லை. கோவை முனை ரவுட்டர் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும், அதாவது டேட்டாத் துண்டுக்கும், இரண்டு லேபிள் போடும். உள் லேபிள் 58 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் கம்பெனிக்கென்று கரூர் முனை ரவுட்டர் முன்கூட்டியே சொல்லிவைத்த எண். வெளி லேபிள் 104, வழியில் அடுத்துள்ள திருப்பூர் ரவுட்டர் கொடுத்தது. திருப்பூர் அந்த 104-ஐ எடுத்துவிட்டு, ஈரோடு கொடுத்த 217-ஐப் போடும். ஈரோடு வெளி லேபிளைக் கழற்றியே அனுப்பும். காரணம், கரூர் தனக்கென்று அறிவித்த எண் 3. 'கழற்றி அனுப்பு' என்பதுதான் அதற்கு அர்த்தம். 58 மட்டும் கரூர் போய்ச் சேரும், பாக்கெட் உங்கள் குடோன் பக்கம் திரும்பும். பக்கத்து கம்பெனியின் உள் எண் வேறு, அவ்வளவுதான்.

லேபிள் போட்டால் வேகம் கூடும் என்று விற்க வருபவர்கள் சொல்வார்கள். அது பழைய கதை. இன்றைய ரவுட்டர் சிப் ஐ.பி.யையும் அதே வேகத்தில் பார்க்கும். இப்படிப் பிரித்துவைப்பதுதான் லேபிளால் வரும் லாபம்.

கேள்வி: பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது. டிசைன் ஃபைல் அனுப்பினால் பாதியில் நிற்கிறது. புரொவைடர் 'லைன் ஓகே' என்கிறார்.
– வாசகர், பெருந்துறை

பதில்: சாதாரண பிங் சின்ன பாக்கெட், ஃபைல் 1500 பைட்டாகப் போகும். ஒரு லேபிள் 4 பைட், இரண்டுக்கு 8, மொத்தம் 1508. வழியில் ஒரு ஸ்விட்ச் 1500-க்கு மட்டும் செட் ஆகியிருந்தால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். 'துண்டாக்காதே' குறியோடு 1472 பைட் பிங் செய்யுங்கள், 20 ஐ.பி. தலைப்பு, பிங்குக்கான 8 ஐ.சி.எம்.பி. தலைப்பு சேர்ந்து 1500. அது நின்று, 1464 போய், 1465 நின்றால் அந்த 8 பைட்தான் குற்றவாளி. புரொவைடர் வழி நெடுக, இடையிலுள்ள ஸ்விட்ச் உட்பட, எம்.டி.யு.வை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை) உயர்த்த வேண்டும். அதுவரை உங்கள் ரவுட்டரில் டி.சி.பி. எம்.எஸ்.எஸ். (தலைப்புகள் போக ஒரு பாக்கெட்டில் ஏறும் டேட்டா அளவு) 1452 வையுங்கள்.

சின்ன பாக்கெட்டும் போகாமல், 'எங்கள் ரவுட்டருக்குள் பிங் போகிறதே' என்று அவர் சொன்னால் அது வேறு கோளாறு. ஏதோ ஒரு லிங்க்கில் ரவுட்டர்கள் வழி கண்டுபிடிக்கும் ஓ.எஸ்.பி.எஃப். உயிரோடு இருக்கும், லேபிள் பரிமாறும் எல்.டி.பி. செத்திருக்கும். அங்கே வெளி லேபிள் கிடைக்காது, ஐ.பி. பாக்கெட் தாண்டிவிடும், உள் லேபிளோடு வரும் உங்கள் பாக்கெட் அங்கேயே விழும். அக்சஸ் லிஸ்ட்டில் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற பட்டியல்) எல்.டி.பி.யின் 646-வது போர்ட் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண பிங் போதாது, லேபிள் வழியையே சோதிக்கும் எல்.எஸ்.பி. பிங் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எம்.பி.எல்.எஸ். என்றால் டேட்டா பூட்டித்தான் போகுமா?
– வாசகர், கோபி

பதில்: இல்லை. பிரிந்து போகும், பூட்டிப் போகாது. பூட்டு வேண்டுமானால் மேலே டேட்டாவைச் சங்கேதமாக்கும் ஐ.பி.செக் போடுங்கள். அதுவும் பாக்கெட்டைப் பருமனாக்கும் என்பதால் எம்.எஸ்.எஸ்.ஸை 1360-க்கு இறக்கிவிடுங்கள்.