கேஸ் எங்கேதான் போகிறது? – ஏசி கேள்வி-பதில்

பங்குனி வெயில் ஏற ஆரம்பித்ததும் எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி ஏசி புலம்பல்தான். சில கடிதங்கள் நான்கு பக்கம். சுருக்கித் தந்திருக்கிறேன், எழுதியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கே: ஒவ்வொரு கோடையிலும் சர்வீஸுக்கு வருபவர் 'கேஸ் குறைஞ்சிடுச்சு சார்' என்று மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போகிறார். மூன்று வருடமாக இதே கதை. கேஸ் இவ்வளவு சீக்கிரம் தீருமா? – மடிப்பாக்கம்

ப: தீராது. அது பெட்ரோல் இல்லை, ஓடஓடக் காலியாவதற்கு. மூடிய காப்பர் பைப்புக்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் இதே முறையில்தான் ஓடுகிறது. அதற்கு வருடா வருடம் கேஸ் அடிக்கிறீர்களா?

கேஸ் குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. பெரும்பாலும் காப்பர் பைப்பை யூனிட்டோடு இணைக்கும் நட்டில், இல்லாவிட்டால் காயிலில். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் கசியும் என்பதால் அந்த இடத்தில் பிசுக்கும் தூசியும் படிந்திருக்கும். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். அப்படியும் தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டையை அடைத்த பிறகு வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் கேஸ், அதுவும் எடை போட்டு. எந்த வகைக் கேஸ் (ஆர்32வா, ஆர்410ஏவா), எத்தனை கிராம் என்பதெல்லாம் அவுட்டோர் யூனிட்டில் ஒட்டியிருக்கும் தகட்டிலேயே இருக்கிறது. தராசு இல்லாமல் வந்து, பைப்பைத் தொட்டுப் பார்த்து 'போதும் சார்' என்பவரிடம் நீங்கள் வாங்குவது அடுத்த கோடைக்கான ரசீது. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், அதோடு பிரஷரும் மாறும். வெறும் மீட்டரைப் பார்த்துக் கேஸ் ஏற்றுவது அங்கே குத்துமதிப்புதான்.

இவ்வளவு கோபம் ஏன் என்றால், நானும் மூன்று கோடை கொடுத்தவன். நான்காவது கோடையில் வந்த பையன் கேஸ் சிலிண்டரை வெளியே எடுக்கவே இல்லை. என் வீட்டு சோப்பைக் கேட்டு வாங்கி நுரைத்துத் தடவினான். நட்டுக்கு அடியில் பைப்பின் வாய் விரிந்து கிழிந்திருந்தது. அதை வெட்டி, புதிதாக வாய் விரித்து, முறையாகக் கேஸ் அடித்துவிட்டுப் போனான். ஆறு வருடமாயிற்று, இன்னும் அந்தக் கேஸ்தான். முந்தைய மூன்று வருடப் பணத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அடுத்த முறை ஒரே கேள்வி கேளுங்கள்: "லீக் எங்கே?" காட்டிய பிறகு காசு. எத்தனை கிராம் ஏற்றினார் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

கே: இண்டோர் யூனிட்டிலிருந்து சுவரோரம் தண்ணீர் சொட்டுகிறது. ஏழு வருட ஏசி, மாற்றிவிடுங்கள் என்கிறார் மெக்கானிக். – திருச்சி

ப: தண்ணீர் வெளியே போகும் ட்ரெயின் பைப் அடைத்திருக்கும். முதலில் மெக்கானிக்கை மாற்றுங்கள்.

கே: கடலோரம் வீடு. கட்டும்போதே ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே டக்ட் (குளிர்காற்று போகும் பெரிய குழாய்) ஓட்டி வீடு முழுவதற்கும் ஒரே சென்ட்ரல் ஏசி போட்டோம். ஹால் குளிர்கிறது, படுக்கையறைக் கதவைச் சாத்தினால் வியர்க்கிறது. போட்டுக் கொடுத்தவர் இன்னும் இரண்டு டன் கூட்டச் சொல்கிறார். – பாலவாக்கம்

ப: கூட்டாதீர்கள். முதலில் இன்றிரவு படுக்கையறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துப் படுத்துப் பாருங்கள். குளிர்ந்தால் குறை டன்னில் இல்லை. காற்று திரும்பிப் போகும் ஜாலி ஹாலில் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அறைக்குள் காற்று வர வேண்டுமானால் உள்ளே இருக்கும் காற்று வெளியே போக வழி வேண்டும். கதவுக்கு அடியில் இடைவெளி விடலாம், அல்லது கதவிலோ சுவரிலோ ஜாலி வைக்கலாம். தச்சர் ஒரு நாளில் முடித்துவிடுவார்.

குளிரை அளந்து மெஷினை நிறுத்தும் தெர்மோஸ்டாட் ஹாலில் இருந்தால் இன்னொரு சிக்கல். ஹால் குளிர்ந்ததும் மெஷின் ஓய்வெடுக்கும், உங்கள் அறை எப்படி இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

கதவைத் திறந்தும் குளிரவில்லை என்றால், படுக்கையறை கிரில்லில் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள். ஹாலில் படபடப்பது போல இங்கே படபடக்காவிட்டால் காற்றே வரவில்லை. அந்தக் கிளைக்கான டேம்பர், அதாவது காற்றைத் திறந்து மூடும் தகடு, மூடியிருக்கலாம், அல்லது டக்ட் இணைப்பு பிரிந்து ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பல்லிகளுக்குக் குளிரூட்டிக்கொண்டிருக்கலாம். ஆளை மேலே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே, எந்த அறைக்கு எவ்வளவு குளிர் தேவை என்று அவர் அன்றைக்குக் கணக்குப் போட்ட தாளையும் கேளுங்கள். இல்லை என்பார். அந்த இல்லைக்குத்தான் இன்றைக்கு இரண்டு டன் கேட்கிறார்.

கடற்கரை வீடு என்பதால் இன்னொன்று: அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அரித்துவிடும். அடிக்கடி நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள், போர்வெல் உப்புத்தண்ணீரால் அல்ல.

கே: '10 வருட வாரண்டி' என்று சொல்லி விற்றார்கள். இரண்டாவது வருடமே பிசிபி (ஏசியை இயக்கும் எலக்ட்ரானிக் பலகை) போய்விட்டது, வாரண்டி கிடையாது என்கிறார்கள். வாரண்டி அட்டையை நான் படிக்கவில்லை. வழக்கு போடலாமா? – கோவை

ப: 10 வருடம் கம்ப்ரசருக்கு மட்டும் என்று அட்டையில் இருக்கும். அந்தக் கம்ப்ரசர் போனாலும் கேஸ், கூலி, வண்டிச்செலவு எல்லாம் உங்கள் தலையில்தான் என்றும் பல அட்டைகளில் இருக்கிறது. நாற்பதாயிரம் கொடுத்து வாங்குகிறவருக்கு நான்கு நிமிடம் படிக்க நேரமில்லை என்றால் நான் என்ன சொல்ல? கடைக்காரர் 'முழு வாரண்டி' என்று பில்லில் எழுதியிருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கே: பென்ஷன் பணத்தில் புது ஏசி வாங்கினேன். நான்கு மாதத்தில் ஐந்து முறை நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் ஆள் வந்து ஏதோ செய்துவிட்டுப் போகிறார். மாற்றித் தர மறுக்கிறார்கள். நான் தனியாக இருப்பவள். – கும்பகோணம்

ப: அம்மா, நீங்கள் செய்த தப்பு எதுவும் இல்லை. ஐந்து முறை வந்ததற்கும் ஜாப் ஷீட்டோ எஸ்எம்எஸ்ஸோ இருக்கும், ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். முதலில் 1915க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். பல கம்பெனிகள் அங்கே புகார் போனதுமே இறங்கி வருகின்றன. வராவிட்டால், 'மாற்றிக் கொடுங்கள், இல்லையேல் பணத்தைக் கொடுங்கள்' என்று கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடம் அவகாசம் உண்டு, ஆனால் காத்திருக்காதீர்கள். கடிதத்தை எப்படி எழுதுவது என்று குழப்பமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், நானே எழுதித் தருகிறேன்.

கே: பிளக்கில் சொருகினால் ஏசி பில் பாதியாகும் என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா? – வேலூர்

ப: என் மேஜை டிராயரில் ஒன்று கிடக்கிறது, இலவசமாகவே தருகிறேன். பச்சை விளக்கு அழகாக எரியும். அது எரிவதற்கும் கரண்ட் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

பில் குறைய வேண்டுமானால் 24ல் வைத்து ஃபேனையும் போடுங்கள். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டாமல் பாருங்கள். தாண்டினால் மேலே போன யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, 101 முதல் 200 வரைக்கும் இருந்த மலிவு விலையும் போய்விடும்.

கே: இணையத்தில் தேடிக் கிடைத்த கஸ்டமர் கேர் எண்ணுக்கு அழைத்தேன். வந்தவர் முன்பணம் வாங்கிக்கொண்டு பிசிபியைக் கழற்றிப் போனார். ரசீது இல்லை. இப்போது போனை எடுப்பதில்லை. – ஆவடி

ப: கம்பெனியின் எண் வாரண்டி அட்டையிலேயே இருக்கிறது. சரி, நடந்தது நடந்துவிட்டது. போனில் பணம் அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நீங்கள் இணையத்தில் எடுத்த எண்ணையும் பணம் போன விவரத்தையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.

கே: நான்கு வருடமாக ஏசி ஓடுகிறது. இப்போது உள்ளே பனிக்கட்டி பிடிக்கிறது, காற்றும் வருவதில்லை. ஃபில்டரைக் கழுவினீர்களா என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஃபில்டர் எங்கே இருக்கிறது? – தாம்பரம்

ப: நான்கு வருடம்! ஏசியை அணைத்து, பனி முழுக்க உருகட்டும். இண்டோர் யூனிட்டின் முன்மூடியைத் தூக்கினால் வலை மாதிரி இரண்டு இருக்கும். உருவி, குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். இனி மாதத்துக்கு இரண்டு முறை. அப்புறமும் பனி பிடித்தால் கேஸ் கசிவாக இருக்கலாம், முதல் கடிதத்துக்கான பதிலை இன்னொரு முறை படித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.