அகிஹாபாராவில் வாங்கப் போகும் முன்

தம்பி, டோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த அகிஹாபாரா போய் வரியில்லாமல் லேப்டாப்பும் அம்மாவுக்கு ரைஸ் குக்கரும் வாங்கலாமா, பணிப்பெண் வேஷத்தில் பெண்கள் பரிமாறும் மெய்ட் கஃபே எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். மெய்ட் கஃபேயைப் பற்றி வயசுப் பசங்களைக் கேளுங்கள். உட்காரவே தனிக்கட்டணம், அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

முதலில் வரி. கடை வாசலில் ‘டாக்ஸ் ஃப்ரீ’ என்று போட்டிருப்பது சுற்றுலா வந்தவர்களுக்கு. இங்கே வேலை பார்க்கிற உங்களுக்கு முதல் நாளிலிருந்தே கிடையாது, 10 சதவீதம் கட்டித்தான் ஆகவேண்டும். ஊரிலிருந்து வந்தவர் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிக்கொள் என்று நம்மாட்களே யோசனை சொல்வார்கள். ப்ராஜெக்ட் முடிந்ததும் மூட்டை கட்டுகிறவர்களுக்கு அந்தத் துணிச்சல் வரும். விசா புதுப்பிக்க வேண்டிய நமக்கு வேண்டாம். வெளிநாட்டவருக்கு இங்கே கொடுக்கிற ரெசிடென்ஸ் கார்டை மறக்காதீர்கள். அந்தப் பக்கம் போலீஸ் நிறுத்திக் கேட்பதுண்டு. இத்தனை வருடம் வரி கட்டியும் என்னையும் கேட்கிறார்கள்.

குக்கர் இங்கே 100 வோல்ட். ஊரில் 230-ல் செருகினால் அன்றைக்கே கருகிவிடும். 220 வோல்ட் மாடல் தனியாக விற்பார்கள், அடியில் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். லேப்டாப்பில் கீபோர்டு ஜப்பானிய அமைப்பு. அட் குறியும் மேற்கோள் குறியும் வேறு இடத்தில் இருக்கும். ‘ஜங்க்’, அதாவது ஓடும் என்று உத்தரவாதமில்லாத பழைய சாமான் என்று போட்ட பெட்டியில் கை வைத்தால் திருப்பிக் கொடுக்க முடியாது.

நான் வந்தபோது அகிஹாபாராவில் யோடோபாஷி எலெக்ட்ரானிக்ஸ் கடையின் அந்தப் பெரிய கட்டடமே இல்லை, அது 2005-ல் வந்தது. டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் ஒரு அறையில் நாலு பேர். அப்புறம் மனைவி வந்தாள், கூடவே கோயம்புத்தூர் கிரைண்டரும். 100 வோல்ட்டில் அது எங்கே சுற்றும்? அகிஹாபாராவில் சோபு லைன் ரயில் தண்டவாளத்துக்கு அடியில் ரிச்சி தெரு மாதிரி சின்னச் சின்னக் கடைகள்; போருக்குப் பிறகு ரேடியோ பாகம் விற்கத் தொடங்கிய வியாபாரத்தின் மிச்சம். 100 வோல்ட்டிலிருந்து 230 வோல்ட், 150 வாட் என்று காகிதத்தில் எழுதி நீட்டினேன். கடைக்காரத் தாத்தா எதற்கு என்று கேட்டார். எனக்கு அப்போது ஜப்பானிய மொழி வராது, கல்லும் உளுந்தும் படம் போட்டுக் காட்டினேன். சிரித்துவிட்டு உள்ளேயிருந்து டிரான்ஸ்ஃபார்மரை எடுத்து வந்தார். சரியான கனம். ஹிபியா லைன் ரயிலில் ஏறி, கயாபாச்சோ ஸ்டேஷனில் மாறி, மடியில் வைத்தே கொண்டுவந்தேன். இன்றும் ஓடுகிறது. டோக்கியோவில் கரண்ட் நம் ஊர் மாதிரியே 50 ஹெர்ட்ஸ், அது வசதி. அதே மாதிரி கிரைண்டர் ஒன்றை ஒசாகாவுக்குக் கொண்டுபோன நண்பர், அங்கே 60 ஹெர்ட்ஸ் என்பதால் கல் வேகமாகச் சுற்றி மாவு சூடாகிறது என்று இன்னமும் புலம்பிக்கொண்டிருக்கிறார்.