நாணயத்தைப் படமெடுக்க விளக்கை எங்கே வைப்பது?

வாசகர் கேள்வி: தாத்தா சேர்த்து வைத்த பழைய நாணயங்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றைப் படமெடுத்துப் பட்டியலிட விரும்புகிறேன். கைப்பேசியை மிக அருகில் கொண்டுபோனால் படம் பாதி தெளிவாகவும் பாதி மங்கலாகவும் வருகிறது. ஃபிளாஷ் போட்டால் நடுவில் வெள்ளைத் திட்டு விழுகிறது. போடாவிட்டால் வெள்ளிக்காசுகூட ஈயம்போலத் தெரிகிறது. படமெடுப்பதற்கு முன் காசுகளைத் துலக்க வேண்டுமா? சிறு பொருள்களை மிக அருகிலிருந்து பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: துலக்குவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் மோசமாக வந்த படத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், துலக்கிய காசைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. பற்பசையோ உலோக பாலிஷோ போட்டுத் தேய்க்கும்போது அழுக்கோடு சேர்ந்து உலோகத்தின் மேற்பரப்பும் தேய்கிறது. கண்ணுக்குப் புலப்படாத ஆயிரம் கீறல்கள் விழுகின்றன. பல ஆண்டுகளாகப் படிந்த நிறப்படலமும் போய்விடுகிறது. சேகரிப்பாளர்கள் மதிப்பது அந்தப் படலத்தைத்தான். ஆகவே ரப்பர் ஊதியால் தூசியை ஊதிவிடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளிகள் தெறித்துக் கறையாகிவிடும். விரல் வியர்வை செம்பில் பல நாள் கழித்துக்கூட ரேகையாகத் தெரியும் என்பதால், காசை எப்போதும் விளிம்பில் பிடித்து, கீழே மென்துணி விரித்துக் கையாளுங்கள்.

இனி, ஃபிளாஷ் போட்டால் வெள்ளைத் திட்டு, போடாவிட்டால் ஈய நிறம் என்று இரண்டு குறைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். உண்மையில் இரண்டும் ஒன்றே. காகிதமும் துணியும் தம்மேல் விழும் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. அதனால் விளக்கு எங்கிருந்தாலும் அவை ஓரளவு வெளுப்பாகவே தெரியும். உலோகம் அப்படியல்ல. அது பெரும்பாலும் கண்ணாடியைப் போல, ஒளி வந்த சாய்வுக்குச் சமமான சாய்வில் அதை எதிர்ப்பக்கம் திருப்பி அனுப்புகிறது. காசுக்கு நேர் மேலே கேமரா இருக்கும்போது, காசின் சமதளப் பகுதியில் பிரதிபலிப்பது அந்தக் கேமராவும் அதற்குப் பின்னாலுள்ள கூரையுமே. அங்கே ஃபிளாஷ் வெடித்தால் அதன் பிம்பமே வெள்ளைத் திட்டாகப் பதிகிறது. இருட்டாக இருந்தால் அந்த இருட்டுதான் ஈய நிறமாகப் பதிகிறது. இது புரிந்துவிட்டால், கேமராவைவிட விளக்கைப் பற்றியே அதிகம் யோசிக்கத் தொடங்குவீர்கள்.

ஃபிளாஷை அணைத்துவிட்டு, கழுத்தை வளைக்கக்கூடிய ஒரு மேசை விளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். காசை ஒரு கடிகார முகப்பாக நினைத்துக்கொண்டு, விளக்கைப் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடைப்பட்ட திசையில் வைத்துத் தொடங்குங்கள். ஒளி மேலிருந்து வருவதாகவே நம் மூளை எடுத்துக்கொள்கிறது. படத்தின் கீழ்ப்புறத்திலிருந்து, அதாவது ஆறு மணித் திசையிலிருந்து ஒளி விழுந்தால், தலைப் பக்கத்தில் புடைத்திருக்கும் முகம் குழிந்ததுபோல் தோன்றும். நானே ஒருமுறை ஒரு பெட்டிக் காசு முழுவதையும் இப்படி எடுத்துவிட்டு, என்ன தவறு என்று பிடிபடாமல் வெகுநேரம் விழித்திருக்கிறேன்.

திசையைப் போலவே உயரமும் முக்கியம். விளக்கு மேசையை ஒட்டித் தாழ்வாக, 15 அல்லது 20 பாகை அளவில் இருந்தால், ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழுந்து, தேய்ந்துபோன எழுத்துகூடப் படிக்கும்படி எழுந்து நிற்கும். கூடவே ஒவ்வொரு கீறலும் மிகைப்பட்டுத் தெரியும். விளக்கை உயர்த்தி லென்ஸுக்குப் பக்கமாகக் கொண்டுவரக் கொண்டுவர, நிழல் குறைந்து உலோகத்தின் நிறமும் மினுக்கும் வெளிப்படும். ஆகவே, எழுத்து தேய்ந்த செம்புக்காசுக்குத் தாழ்ந்த விளக்கு, மினுக்குக் குறையாத வெள்ளிக்காசுக்கு உயர்ந்த விளக்கு என்று வைத்துக்கொள்ளலாம். மறுபுறத்து நிழல் மிகக் கருப்பாக இருந்தால் இன்னொரு விளக்கு தேவையில்லை. ஒரு வெள்ளை அட்டையை எதிரே நிறுத்தினாலே போதும்.

ஒளியை மென்மையாக்க விளக்குக்கும் காசுக்கும் நடுவே டிரேசிங் பேப்பர் பிடிக்கச் சொல்வார்கள். அளவோடு செய்தால் நல்லதுதான். ஆனால் காசைச் சுற்றிலும் கூடாரம்போல் வெள்ளைத்தாளை மூடி எடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அச்சில் அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் பாய்வதால், புதுக்காசின் மேல் மிக நுண்ணிய ஆரக்கோடுகள் உண்டாகின்றன. காசைச் சாய்த்தால் வண்டிச் சக்கரம்போல் சுழலும் ஒளிப்பட்டைகள் அவற்றால்தான் தோன்றுகின்றன. எல்லாத் திசைகளிலிருந்தும் ஒளி வந்தால் அந்தப் பட்டைகள் கரைந்து, காசு பிளாஸ்டிக் வில்லைபோல் ஆகிவிடும். வளைய விளக்கு வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிடலாம். புடைப்புகளின் நிழலை அழித்துவிட்டுத் தன் வட்டத்தையே காசில் பதித்துவிடும்.

கண்ணாடிபோல் மெருகேற்றி வெளியிடப்படும் புரூஃப் வகைக் காசுகள் உங்களிடம் இருந்தால் அவற்றுக்கு வேறு வழி உண்டு. லென்ஸுக்கும் காசுக்கும் நடுவே ஒரு சுத்தமான மெல்லிய கண்ணாடித் துண்டை 45 பாகை சாய்வில் நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து அதன்மேல் விளக்கடியுங்கள். ஒளியின் ஒரு பகுதி கண்ணாடியில் பட்டுக் காசின்மேல் நேர் கீழாக இறங்கி, வந்த வழியே திரும்பி லென்ஸுக்குள் போகும். சமதளம் ஒளிர, புடைப்புகளின் சரிவுகள் கருமையாக எழும். பக்கத்து ஒளி காசின்மேல் நேரடியாகப் படாமல் ஓர் அட்டையால் மறைப்பது அவசியம்.

நிறம் பிசகுவதற்குப் பெரும்பாலும் கலப்பு ஒளியே காரணம். சன்னல் வெளிச்சம், கூரை விளக்கு, மேசை விளக்கு மூன்றும் சேர்ந்தால் கேமராவின் ஒயிட் பேலன்ஸ், அதாவது விளக்கின் நிறத்துக்கேற்ப வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு, எதுவும் சரிப்படாது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்குங்கள். எல்இடி விளக்கானால், நிறத்தை உண்மையாகக் காட்டும் திறனைக் குறிக்கும் சிஆர்ஐ எண் 90க்கு மேல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். அந்த எண் குறைந்த விளக்கில் செம்பின் சிவப்பு மங்கிவிடும். பின்னணி நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருப்பது நல்லது. கருப்புத் துணியில் வைத்தால், படம் இருட்டாக இருப்பதாகக் கருதிக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளிக்காசு வெளுத்துப்போகும். வெள்ளைத் தாளில் வைத்தால் இதற்கு நேர்மாறு. காசை ஒரு சின்ன அழிப்பான்மேல் தூக்கி வைத்தால் பின்னணியின் இழைகளும் காசின் நிழலும் படத்தில் உறுத்தாது.

பாதி தெளிவு, பாதி மங்கல் என்பது சாய்வின் விளைவு. இவ்வளவு அருகில் எடுக்கும்போது கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு. பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள முழுச்சட்டக சென்சாரில், காசை அதன் உண்மை அளவிலேயே பதிக்கும்போது, எஃப் 8 அபெர்ச்சரில்கூட (லென்ஸின் ஒளித்துளை அளவு; எண் கூடக் கூடத் துளை சிறுத்து ஆழம் கூடும்) அது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். கைப்பேசியில் ஆழம் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும். ஆனாலும் ஒட்டிப்போய்ச் சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கம் நழுவிவிடும். கையில் பிடித்து எடுக்காதீர்கள். சம உயரமுள்ள இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே பாலம்போல் கைப்பேசியைப் படுக்க வைத்து, இரண்டு அல்லது மூன்று விநாடி டைமரில் எடுங்கள். சாய்வு இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய உத்தி உண்டு. காசு இருக்கும் இடத்தில் ஒரு சிறு முகக்கண்ணாடியை வைத்துத் திரையைப் பாருங்கள். லென்ஸின் பிம்பம் திரையின் நட்டநடுவே விழுந்தால் கேமரா நேராக இருக்கிறது. திரையின் நடு எதுவெனத் தெரிய, கட்டக் கோடுகளை இயக்கிக்கொள்ளுங்கள்.

மிக அருகில் போவதையும் விட்டுவிடுங்கள். பல கைப்பேசிகள் குறிப்பிட்ட தொலைவுக்குள் நெருங்கியதும் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடுகின்றன. அதில் கைப்பேசியின் நிழலே காசின்மேல் விழும், விளக்கு வைக்கவும் இடமிருக்காது. 15 முதல் 20 சென்டிமீட்டர் விலகி, 2 மடங்கு ஜூமில் எடுத்து, பிறகு ஓரங்களை வெட்டிக்கொள்ளலாம். காசின்மேல் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டியபின், மிக வெளுப்பான இடத்திலும் நுணுக்கம் தெரியும்வரை வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள்.

லென்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். 4000 க்கு 3000 புள்ளிகள் கொண்ட படத்தில் காசின் விட்டம் 1500 புள்ளிகளைப் பிடித்தாலே பட்டியலுக்குத் தாராளம். ஆகவே இப்போதைக்கு மேக்ரோ லென்ஸ் தேவையில்லை. அச்சுப்பிழைகளையும் ஆண்டு எண்ணின் நுட்ப வேறுபாடுகளையும் பெரிதாக்கிக் காட்ட வேண்டிய நிலை வரும்போது, லென்ஸ் மாற்றும் கேமரா உங்களிடம் இருந்தால், 100 மில்லிமீட்டர் அளவிலான மேக்ரோ லென்ஸை யோசிக்கலாம். 50 மில்லிமீட்டர் லென்ஸும் அதே பெருக்கத்தைத் தரலாம். ஆனால் அது காசை மிகவும் ஒட்டி நிற்பதால் விளக்கை உயரத்தில் வைக்க வழியிருக்காது. ஆழம் வேண்டுமென்று எஃப் 22 வரை போகவும் வேண்டாம். உண்மை அளவுப் பெருக்கத்தில் எஃப் 8 என்பதே எஃப் 16 போலச் செயல்படுவதால், அதற்கு மேல் துளையைச் சுருக்கினால், சிறு துளையில் ஒளி வளைந்து பரவும் விளிம்பு விளைவு கூர்மையைத் தின்றுவிடும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் நீட்சிக்குழாய் ஒன்றைக் கொண்டு உங்களிடம் உள்ள லென்ஸையே முதலில் சோதித்துப் பாருங்கள். அதனுள் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் இடைவெளிதான், ஆனாலும் லென்ஸ் இன்னும் கிட்டத்தில் ஃபோகஸ் செய்ய அந்த இடைவெளியே போதும்.