2147483647 என்ற எண்ணுக்குக் கணித ரீதியாக ஏதாவது சிறப்பு உண்டா, இல்லை கம்ப்யூட்டரால் மட்டும்தான் பிரபலமா?

உண்டு, நிறையவே உண்டு. கம்ப்யூட்டர் கதையை முதலில் முடித்துவிடுகிறேன்: கணினி ஒரு எண்ணை வைக்கும் 32 பிட்டில் (பிட் என்றால் 0 அல்லது 1 வரும் ஓர் இடம்) ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போய்விடும், மிச்சம் 31 பிட்டும் 1 ஆக இருந்தால் வருவதுதான் இந்த 2³¹ − 1. பழைய முறையில் நொடிகளை எண்ணும் கணினிகளுக்கு 2038 ஜனவரி 19, நம்மூர் நேரம் காலை 8:44:07-க்கு எண்ணிக்கை தீர்ந்துபோவதும் இதனால்தான்.

இது பகா எண்ணாகவும் இருப்பது சுத்தமான அதிர்ஷ்டம். 16 பிட்டில் வரும் 32767-ஐ 7 வகுத்துவிடும், 64 பிட்டில் வரும் 2⁶³ − 1-ஐயும் 7 வகுத்துவிடும் (15, 63 இரண்டும் 3-ஆல் வகுபடுகின்றன, அதனால்). 31 பகா எண் என்பதால் இது அந்த ஆபத்திலிருந்து தப்பியது. ஆனால் அடுக்கு பகா எண்ணாக இருந்தால் மட்டும் போதாது, 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

சரி, பகா எண் என்று எப்படித் தெரியும்? 1772-இல் கணித மேதை ஆய்லர் இதை நிரூபித்துவிட்டதாக இன்னொரு கணிதவியலாளரான பெர்னூலிக்குக் கடிதம் எழுதினார், அப்போது அவருக்குக் கிட்டத்தட்ட பார்வையே இல்லை. வர்க்கமூலம் 46,340 சொச்சம், அதுவரை உள்ள பகா எண்களை எல்லாம் போட்டு வகுத்துப் பார்ப்பதென்றால் நாலாயிரத்துக்கும் மேல் வகுத்தல். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அவர் வேலையைக் குறைத்த விதம்தான். இந்த எண்ணை ஏதாவது ஒரு பகா எண் வகுத்தால், அதை 62-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆக வேண்டும். 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டும்தான் வரலாம். இரண்டையும் சேர்த்தால் 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே மிஞ்சும், அப்படிப் பார்த்தால் மொத்தமே 370 சொச்சம்தான். அதிலும் 63, 249 (3 × 83) என்று வரிசையாகப் பகு எண்கள் கழிந்துபோய், உண்மையில் போட்டுப் பார்க்க வேண்டிய முதல் எண்ணே 311. வகுத்துப் பாருங்கள், மீதி 35 வரும்.

இதை 2³⁰-ஆல் பெருக்கினால் 2305843008139952128 என்ற செவ்விய எண் கிடைக்கும், அதாவது தன்னைத் தவிர்த்த எல்லா வகுத்திகளையும் கூட்டினால் திரும்ப அதே எண் வரும். இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை இனி யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, பிரயோஜனம் இல்லாத வேலைக்கு யார் மெனக்கெடுவார்கள் என்று 1811-இல் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ எழுதி வைத்தார். பாவம் மனுஷன், 1876-இலேயே லூக்கா என்ற கணிதவியலாளர் 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டிவிட்டார், அதை 2¹²⁶-ஆல் பெருக்கினால் இதைவிடப் பெரிய செவ்விய எண் வந்துவிடும்.

அப்புறம் இன்னொன்று. 31 என்பதே 2⁵ − 1 தான். அதே பாணியில் இந்த 2147483647-ஐயும் 2-க்கு அடுக்காக ஏற்றி 1 கழித்தால் அதுவும் பகா எண்ணாக இருக்குமோ என்று ஆசை வரும். இல்லை, அதை 295257526626031 வகுத்துவிடுகிறது.